காற்று பூமியைத் தள்ளுகிறது, மகளே

அன்புள்ள செல்லத்துக்கு,

ஜூலையில் பூமி கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறதாமே, நிஜமாப்பா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். 2024 ஜூலை 5 அன்று நாள் 24 மணி நேரத்தைவிட 1.66 மில்லி விநாடி குறைவாக இருந்தது. அதில் நிலாவுக்கும் பூமியின் உட்கருவுக்கும் பங்கு உண்டு. ஆனால் வருஷம் தவறாமல் பருவத்தோடு வந்துபோகிற ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். 1937-லேயே நிக்கோலஸ் ஸ்டாய்க்கோ என்ற வானியலாளர் கடிகாரங்களை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பார்!

காற்றழுத்தம் என்பது நமக்கு மேலே நிற்கிற காற்றின் எடை, அவ்வளவுதான். அதை அளக்கிற அலகு ஹெக்டோபாஸ்கல்; அது 1 கூடினால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 10 கிலோ காற்று கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஜனவரியில் சைபீரியா உறைந்து கிடக்கும்போது குளிர்ந்த காற்று கனத்துப் படிந்து, கடல்மட்டக் கணக்கில் சராசரி அழுத்தம் 1030 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டும்; ஜூலையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறியதும் அந்தக் காற்று விலகிப் போய்விடும். இப்படிப் பாரம் இடம் மாறுவதால் பூமியின் சுழல் அச்சே வருஷத்துக்கு ஒருமுறை லேசாகத் தள்ளாடுகிறது, துருவப் புள்ளி சில மீட்டர் அலைகிறது.

சரி, வேகம் ஏன் மாறுகிறது? வடக்கே குளிர்காலத்தில் மேலைக்காற்று, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிற காற்று, பலமாக வீசும். அது பூமி சுற்றுகிற திசையிலேயே, தரையை முந்திக்கொண்டு ஓடுகிறது. காற்றுக்கும் தரைக்கும் சேர்த்துச் சுழற்சியின் இருப்பு ஒன்றுதான், காற்று கூடுதலாக எடுத்துக்கொண்டால் தரைக்குக் குறையத்தான் செய்யும். ஜூலையில் வடக்குக் காற்று தளர்ந்து அதைத் திருப்பித் தருகிறது. தெற்கில் அப்போது குளிர்காலம்தானே என்று நீ கேட்பாய். அங்கே நிலம் குறைவு, பருவ வித்தியாசமும் குறைவு, அதனால் ஈடுகட்ட முடிவதில்லை. இந்தக் கைமாற்றம் உராய்வாலும் நடக்கிறது, மலைகளாலும் நடக்கிறது. ராக்கி, ஆண்டிஸ், இமயம் போன்ற மலைகளின் மேற்குச் சரிவில் அழுத்தம் கூடி, கிழக்குச் சரிவில் குறைந்தால், மலையை நெம்புகோலாகப் பிடித்துக் காற்று பூமியையே கிழக்கே தள்ளுகிறது. இதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

காற்றின் பாரம் பருவத்தோடு மாறுவதை நாமே பார்க்கலாம். உன் போனில் அழுத்த உணரி இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வை, ஏனென்றால் வெயிலால் அழுத்தம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். மாடியும் மாறக் கூடாது, 8 மீட்டர் ஏறினாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். மாதச் சராசரி போட்டு அனுப்பு, நான் எடுப்பதோடு வைத்துப் பார்ப்போம். அப்புறம், நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
அப்பா