பாலத்தைக் காணோம்

ஸ்டர்லிங், ஸ்காட்லாந்து,
அக்டோபர் 12

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பேத்தியின் காதுகுத்தில் யார் மடியில் உட்காரவைப்பது என்று இரண்டு மாமன்களுக்குள் நடந்த பஞ்சாயத்தை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். "சுந்தரம் மாமா நேர்ல பேசுற மாதிரியே இருக்குப்பா" என்றாள். இங்கே மூன்று நாளாக விடாத தூறல். பிள்ளைகள் இருவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் ஹீட்டரும்தான். அதனால் இந்தத் தடவை கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, "நாம பார்த்த படத்து ஊர்லயே போய் உட்கார்ந்திருக்க, அதெல்லாம் நடந்ததுதானா?" என்று. ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸின் கதையான 'பிரேவ்ஹார்ட்' பார்த்த ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதுரையில் இரண்டாம் ஆட்டம். கடைசிக் காட்சியில் வாலஸாக நடித்த மெல் கிப்சன் கத்தியபோது நீ கைக்குட்டையை எடுத்தாய்; எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது. வெளியே வந்து பரோட்டாவைப் பிய்த்துப் போட்டபடி, "ராஜான்னா இவன்டா!" என்றாய். வாலஸ் ராஜாவே இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். நீ எங்கே கேட்டாய்!

போன ஞாயிறு வாலஸ் நினைவுக் கோபுரத்தில் ஏறினேன். ஆபி கிரெய்க் என்ற பாறைக் குன்றின் மேல் 1869-இல் திறந்த கோபுரம். சுழன்று சுழன்று போகும் ஒற்றைப் படிக்கட்டில் 246 படிகள். என் முட்டியின் லட்சணம் உனக்குத் தெரியும். நடுவில் வாலஸின் வாள் என்று ஐந்தடிக்கு மேல் நீளமான ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கிற சாக்கில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். உச்சியிலிருந்து கீழே பார்த்தால் ஃபோர்த் ஆறு சாரைப்பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து கிடக்கிறது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. படத்தில் இந்த ஆறே இல்லையே, சுந்தரம். பாலமும் இல்லை.

1297 செப்டம்பர் 11 அன்று நடந்த சண்டைக்குப் பெயரே ஸ்டர்லிங் பாலப் போர். இரண்டு குதிரைகள் சேர்ந்தாற்போல் போகிற அளவுக்குத்தான் அகலம், மரப்பாலம். விடியற்காலையில் கடந்துபோன இங்கிலாந்துக்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். ஏன் தெரியுமா? படைத்தலைவர் சர்ரே பிரபு இன்னும் தூங்கி எழவில்லை! இதை எழுதிவைத்தவர் இங்கிலாந்து மடத்துத் துறவி ஒருவர், எதிரி இல்லை. ஆற்றின் மேல்பக்கம் ஒரு துறை இருக்கிறது, அங்கே அறுபது அறுபது பேராகக் கடக்கலாம், சுற்றிப் போய்ப் பின்பக்கம் அடிக்கலாம் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். கஜானா அதிகாரி கிரெசிங்ஹாம் விடவில்லை. ராஜாவின் பணத்தை இன்னும் எத்தனை நாள் கரைப்பது, பாலத்து வழியாகவே போங்கள் என்று முடுக்கினார். செலவுக் கணக்கைக் காட்டி வேலையைக் கெடுக்கிற ஆளை முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டிய நம் இருவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டுமா என்ன!

வாலஸும் அவரோடு படை நடத்திய ஆண்ட்ரூ மரேயும் நான் ஏறின இதே குன்றில் காத்திருந்தார்கள். பாதிப் படை கடக்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் அன்றைய சாமர்த்தியம். பிறகு இறங்கி வந்து பாலத்து முனையை அடைத்தார்கள். கடந்து வந்தவர்கள் மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த வளைவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். அக்கரையில் நின்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. கிரெசிங்ஹாம் அங்கேயே செத்தார். அவர் தோலை உரித்ததாகக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள்.

படத்தில் இருந்தது என்ன? அயர்லாந்தில் ஒரு புல்வெளி, அந்த நாட்டு ரிசர்வ் ராணுவத்து ஆட்கள், குதிரை மேலிருந்து ஒரு சொற்பொழிவு. பாலம் எங்கே என்று கேட்டதற்கு "எடுக்க இடைஞ்சலா இருந்துச்சு" என்றாராம் கிப்சன். "இங்கிலீஷ்காரனுக்கும் அதே இடைஞ்சல்தான்" என்றாராம் ஒரு ஊர்க்காரர். இங்கே உலவுகிற ஜோக் இது. மரே என்ற மனிதர் படத்திலேயே இல்லை. வெற்றியில் பாதி அவருடையது. அங்கே பட்ட காயத்தில்தான் பிற்பாடு உயிரும் போனதாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, இது உனக்காகவே சொல்கிறேன். போர் முடிந்து சரியாக ஒரு மாதத்தில் வாலஸும் மரேயும் ஜெர்மனியில் லூபெக், ஹாம்பர்க் நகரத்து வியாபாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எங்கள் துறைமுகங்கள் மறுபடி திறந்துவிட்டன, சரக்கோடு தாராளமாக வரலாம் என்று. அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு வாளைவிட வாலஸ் பெரியவராகத் தெரிகிறார். ஆனால் ஏற்றுமதி இறக்குமதி பற்றிக் கடிதம் எழுதுகிற கதாநாயகனை எந்தத் தயாரிப்பாளர் வைப்பார்?

கில்ட் பாவாடை, முகத்தில் நீலச்சாயம் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள். முதலாவது வாலஸுக்கு முந்நூறு வருஷம் பிந்தியது, இரண்டாவது ஆயிரம் வருஷம் முந்தியது. அந்தப் பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவுக்கு, 1305-இல் வாலஸைக் கொன்றபோது வயது சுமார் பத்து. அவளுக்குக் கல்யாணம் ஆனதே 1308-இல். அவள் பிள்ளை மூன்றாம் எட்வர்ட் பிறந்தது 1312. அவள் வயிற்றுப் பிள்ளை வாலஸுடையது என்று படம் காதோடு சொன்ன அந்த ரகசியத்துக்குக் கணக்கு எப்படியும் உதைக்கிறது, போ.

எனக்கு உறுத்துவது ராஜாக்கள் விஷயம்தான். படம் 1280 என்று போட்டு, ராஜா பிள்ளையில்லாமல் செத்துவிட்டார் என்று ஆரம்பிக்கும். மூன்றாம் அலெக்சாண்டர் செத்தது 1286 மார்ச்சில். புயல் ராத்திரியில் புது மனைவியைப் பார்க்கக் குதிரையில் கிளம்பி, கிங்ஹார்ன் பக்கம் விழுந்து செத்தார். மிஞ்சிய ஒரே வாரிசு நார்வேயில் இருந்த பேத்தி. அந்தக் குழந்தையும் 1290-இல் வருகிற வழியில் இறந்துவிட்டது. ஆளாளுக்குப் பட்டத்துக்கு உரிமை கொண்டாட, பஞ்சாயத்துக்கு இவர்களாகவே இங்கிலாந்து எட்வர்டைக் கூப்பிட்டார்கள். அவர் 1292-இல் ஜான் பேலியலைத் தேர்ந்தெடுத்து, நாலே வருஷத்தில் அவர் அங்கியிலிருந்த அரசச் சின்னத்தைப் பிய்த்தெறிந்து இறக்கியும் விட்டார். 'வெற்றங்கி' என்றே அந்த மனிதருக்குப் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. வாலஸ் நாட்டின் பாதுகாவலராக இருந்து ஆட்சி நடத்தியது இந்த வெற்றங்கி ராஜாவின் பெயரால். சொத்துத் தகராறில் தொடங்கிய யுத்தம். படத்தில் அது காதலியைக் கொன்றதற்குப் பழிவாங்கலாக ஆகிவிட்டது.

ராபர்ட் புரூஸுக்கு நடந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். ஃபால்கர்க் போரில் அவர் எட்வர்ட் பக்கம் நின்று வாலஸைக் காட்டிக்கொடுத்தார் என்று காட்டினார்களே, அதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. ஆனால் 1306 பிப்ரவரி 10, டம்ஃப்ரீஸ் ஊரில் ஒரு தேவாலயத்துக்குள், பட்டத்துக்குப் போட்டியாளரான ஜான் கமினைக் கத்தியால் குத்தினார். ஆறே வாரத்தில் ஸ்கோனில் முடிசூடிக்கொண்டார். இதைப் படத்தில் காணோம். செய்யாத துரோகத்தைத் தலையில் கட்டிவிட்டு, செய்த கொலையைத் துடைத்துவிட்டார்கள். கோயிலுக்குள் கொலை செய்தவர்தான் பிற்பாடு இந்த நாட்டின் ஆகச் சிறந்த ராஜாவானார் என்பதை ஒரு திரைக்கதை தாங்காதா? என்னைக் கேட்டால் அதைவிட நல்ல கதை இல்லை.

2018-இல் புரூஸைப் பற்றி வந்த 'அவுட்லா கிங்' படம் தாங்கியது. மருமகன் போட்டுக் காட்டினான். கொலை இருக்கிறது, சேறு இருக்கிறது, தொடக்கத்தில் வெட்டே இல்லாமல் நீளுகிற ஒரே ஷாட்டும் இருக்கிறது. லவுடன் ஹில் போரில் பள்ளம் தோண்டிக் குதிரைப்படையை மடக்குவதையும் சரியாகக் காட்டுகிறார்கள். அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் இங்கிலாந்து இளவரசனைக் கொண்டுவந்து புரூஸோடு ஒண்டிக்கு ஒண்டி மோதவிட்டுவிட்டார்கள். அவன் அந்தப் போரிலேயே இல்லை. படத்தில் அதற்கு முன்பே செத்துப்போகிற அவன் அப்பன் முதலாம் எட்வர்ட், நிஜத்தில் இரண்டு மாதம் கழித்து ஜூலையில்தான் செத்தார். புரூஸுக்கு முடிசூட்டிய பக்கன் சீமாட்டி இசபெல்லாவை எட்வர்ட் பெரிக் கோட்டையில் கூண்டில் அடைத்துவைத்தார், நாலு வருஷம். அவளை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருகிற மெக்பெத் ராஜாவைப் பற்றிக் கேட்காதே, வயிறெரியும். நிஜ மெக்பெத் தனக்கு முந்திய ராஜா டங்கனைத் தூக்கத்தில் கொல்லவில்லை. 1040-இல் எல்ஜின் பக்கம் நடந்த சண்டையில் டங்கன் செத்தார். பிறகு மெக்பெத் பதினேழு வருஷம் ஆண்டார். 1050-இல் ரோம் வரை யாத்திரை போய் ஏழைகளுக்குக் காசை வாரி இறைத்தார். நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து அதே ஆசனத்தில் உட்காருகிற ராஜா எவ்வளவு பத்திரமாக இருந்திருக்க வேண்டும்! ஷேக்ஸ்பியர் கையில் கறை படிந்தது, அதைப் படமெடுத்த குரோசாவா முதல் கோயன் வரை யாராலும் கழுவ முடியவில்லை. கழுவ அவர்களுக்கு ஆசையும் இல்லை.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 'பிரேவ்ஹார்ட்' வந்த மறுவருஷம், எட்வர்ட் 1296-இல் தூக்கிப்போன பட்டாபிஷேகக் கல் இங்கே திரும்பி வந்தது. தனிப் பாராளுமன்றம் வேண்டுமா என்று ஓட்டுப் போட்டது 1997 செப்டம்பர் 11, பாலப் போர் நடந்து சரியாக எழுநூறாவது வருஷம். படத்தால்தான் இதெல்லாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கோபுரத்து அடிவாரத்தில் கார் நிறுத்துமிடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு வாலஸ் சிலை இருந்ததாம், முகம் மெல் கிப்சனுடையது! நாம் சிரிக்க முடியாது. கட்டபொம்மன் என்றால் உன் கண்ணில் யார் முகம் தெரிகிறது? சிவாஜிதானே?

அடுத்த வாரம் மெல்ரோஸ் மடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். புரூஸ் 1329-இல் இறந்தபோது இதயத்தைத் தனியே எடுத்து அவருடைய தளபதி டக்ளஸிடம் கொடுத்தார்கள். அவர் அதைச் சுமந்துகொண்டு ஸ்பெயினில் டேபா வரை போய்ப் போரில் செத்தார். இதயம் திரும்பி வந்து மெல்ரோஸில் அடக்கமாகியிருக்கிறது. உடல் டன்ஃபெர்ம்லினில். நியாயமாகப் பார்த்தால் 'பிரேவ்ஹார்ட்', அதாவது வீர இதயம், என்ற அந்தத் தலைப்பே இந்த இதயத்துக்குச் சொந்தம், வாலஸுக்கு இல்லை.

நவம்பர் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். வாசுகிக்கு ஸ்வெட்டர் அளவு கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. இங்கே நடுத்தர அளவே நம் ஊர் ஆட்களுக்குப் பெட்ஷீட் மாதிரி இருக்கிறது. அவளையே கேட்டு எழுது, நீயாக ஊகிக்காதே.

அன்புடன்,
ராமநாதன்