ரைசினா மலையில் குடியரசுத் தலைவர் நாற்காலி காலியானால்

கரோல் பாக்,
புது தில்லி

அன்புள்ள நிலாவுக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகள் கேட்டதை அனுப்பியிருந்தாய். குடியரசுத் தலைவர் இல்லாமல் போனால் துணைத் தலைவர், அவரும் இல்லையென்றால் மக்களவைத் தலைவர், இதுதானே வரிசை என்று. பின்பாதி தப்பு. அது அமெரிக்க வரிசை. அங்கே துணை அதிபருக்குப் பிறகு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதிநிதிகள் சபைத் தலைவர், செனட்டின் இடைக்காலத் தலைவர், அப்புறம் துறை அமைச்சர்கள் என்று ஒரு நீண்ட வரிசையே நிற்கிறது. நம்முடையது இரண்டே படி. முதல் படி துணைக் குடியரசுத் தலைவர். இரண்டாவது, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. அவரும் இல்லாத நேரமென்றால் அங்கே இருக்கும் நீதிபதிகளில் மூத்தவர். மக்களவைத் தலைவருக்கு இதில் இடமே கிடையாது.

முன்பாதியும் பாதிதான் சரி. சி.பி. ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பரில் துணைத் தலைவரானபோது ஆர்.கே. புரம் பக்கம் நம்மவர்களே, ஏதாவது நேர்ந்தால் மிச்சக் காலத்துக்கு நம்ம ஊர்க்காரர்தான் குடியரசுத் தலைவர் என்று பேசிக்கொண்டார்கள். மிச்சக் காலம் என்ற ஒன்றே நம் அரசமைப்பில் இல்லை. பிரிவு 65-ன்படி துணைத் தலைவர் பொறுப்பைப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். மரணம், ராஜினாமா, பதவி நீக்கம், எதனால் இடம் காலியானாலும் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். அதில் ஜெயித்து வருகிறவர், பதவியேற்ற நாளிலிருந்து முழு ஐந்து ஆண்டு இருப்பார். இது பிரிவு 62. அமெரிக்காவில் கென்னடி இறந்த அன்றே துணை அதிபர் ஜான்சன் அதிபராகி, கென்னடியின் மீதிக் காலத்தை ஆண்டார். அது இங்கே நடக்காது.

இதை வகுப்பில் புரியவைக்க ஜூலை 25 போதும். ஒவ்வொரு முறையும் அதே தேதியில்தான் குடியரசுத் தலைவர் ஏன் பதவியேற்கிறார் என்று கேள். ஃபக்ருதீன் அலி அகமது 1977 பிப்ரவரி 11-ல் இறந்தார். துணைத் தலைவர் பி.டி. ஜாட்டி பொறுப்பில் இருந்தார். ஆறு மாதக் கெடு ஆகஸ்டில் முடிவதற்குள் நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வாகி ஜூலை 25-ல் பதவியேற்றார். அன்றிலிருந்து அவருக்குப் புதிதாக ஐந்து ஆண்டு. அவருக்குப் பின் வந்த எவரும் நடுவில் போகவில்லை என்பதால் 1982, 1987 என்று தொடங்கி 2022-ல் திரௌபதி முர்மு வரை அதே தேதி. சட்டத்தில் அப்படி ஒரு தேதி எங்கும் எழுதப்படவில்லை. நாளைக்கு ஒருவர் பாதியில் விலகினால் தேதியும் மாறிவிடும்.

பொறுப்பில் இருப்பவர் வெறும் பொம்மை என்று பிள்ளைகள் நினைத்தால் 1969-ஐச் சொல். ஜாகிர் உசேன் மே 3-ல் இறந்தார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். ஜூலை 19-ல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாளே, தேர்தலில் நிற்பதற்காக விலகினார். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா வந்து உட்கார்ந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் தில்லிக்கு வந்தபோது நாட்டின் தலைவராக வரவேற்றவர் இவர்தான். அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் இயற்றிய வங்கிச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததும் இவரே. ஆகஸ்ட் 24-ல் கிரி முழுத் தலைவராகப் பதவியேற்றதும் ஹிதாயத்துல்லா நீதிமன்றத்துக்குத் திரும்பினார். அதிகாரம், பாதுகாப்பு, சம்பளம் எல்லாம் குடியரசுத் தலைவருக்கு உள்ளதுதான். எடுக்கும் உறுதிமொழியும் அதேதான். ஒன்று மட்டும் மாறும்: துணைத் தலைவர் இந்தப் பொறுப்பில் இருக்கும் வரை மாநிலங்களவைத் தலைவராக அவையை நடத்த முடியாது, அந்தச் சம்பளமும் கிடையாது.

இதில் பாடப்புத்தகங்கள் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. தலைமை நீதிபதியின் பெயர் அரசமைப்பின் இந்த வரிசையில் எழுதப்படவில்லை. பிரிவு 70, இப்படிப்பட்ட நிலைக்கு நாடாளுமன்றம் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. 1950 முதல் 19 ஆண்டுகள் யாரும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. ஜாகிர் உசேன் இறந்த பிறகுதான் அவசரமாக 1969 மே 28-ல் சட்டம் வந்தது. அதாவது மே மாதத்தின் பெரும்பகுதியில் கிரிக்கு ஏதாவது ஆகியிருந்தால் அடுத்தவர் யார் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. அந்தச் சட்டப்படி தலைமை நீதிபதி இருப்பது, புதிய குடியரசுத் தலைவரோ புதிய துணைத் தலைவரோ, யார் முதலில் தேர்வாகி வருகிறாரோ அதுவரைக்கும். என்னைக் கேட்டால், ஒரு நீதிபதி கையெழுத்திட்ட சட்டம் பிறகு அவருடைய நீதிமன்றத்துக்கே வழக்காக வரக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு கொஞ்சம் நெருடுகிறது. ஆனால் கட்சிக்காரரை உட்கார வைப்பதைவிட இது தேவலை.

பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடங்கள் சில. ஐந்து ஆண்டு முடிந்தும் தேர்தல் முடியவில்லை என்றால் துணைத் தலைவர் வரமாட்டார்; பழைய தலைவரே, அடுத்தவர் பதவியேற்கும் வரை தொடர்வார். சட்டமன்ற இடங்கள் காலியாக இருப்பதைக் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடவும் முடியாது. குஜராத் சட்டமன்றம் கலைந்திருந்த 1974-ல் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது. பதவி நீக்கத்துக்கு வேண்டியது, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு என்று எழுதினால் பூஜ்யம். முன்கூட்டி 14 நாள் அறிவிப்பு, அதில் அந்த அவையின் கால்வாசி உறுப்பினர்கள் கையெழுத்து. இதுவரை யாரையும் இப்படி நீக்கியதில்லை. நோய் அல்லது வெளிநாட்டுப் பயணம் என்றால் இடம் காலியாவதில்லை, தேர்தலும் இல்லை. ஜெயில் சிங் 1982 அக்டோபரில் இதய அறுவை சிகிச்சைக்குப் போனபோது துணைத் தலைவராக இருந்து பொறுப்பைக் கவனித்தவர் அதே ஹிதாயத்துல்லாதான்! இரண்டு படியிலும் நின்றவர் அவர் ஒருவரே.

இந்த ஏற்பாட்டில் நான் உண்மையான ஓட்டை என்று சொல்வது துணைத் தலைவர் பதவியைத்தான். குடியரசுத் தலைவர் இடத்துக்கு ஆறு மாதக் கெடு உண்டு. துணைத் தலைவர் பாதியில் போனால் ‘கூடிய விரைவில்’ தேர்தல் என்று மட்டும்தான் பிரிவு 68 சொல்கிறது. துணைத் தலைவராக இருந்த கிருஷ்ண காந்த் 2002 ஜூலை 27-ல், அப்துல் கலாம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற இரண்டே நாளில் இறந்தார். ஜகதீப் தன்கர் 2025 ஜூலை 21-ல் ராஜினாமா செய்தார். அடுத்தவர் பதவியேற்றது செப்டம்பர் 12-ல். மாநிலங்களவையை நடத்தத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் இருந்தார். ஆனால் அவர் அவையின் துணைத் தலைவர்தான், இந்த வரிசையில் அவர் இல்லை. அந்த ஏழு வாரத்துக்கும் மேலாக, குடியரசுத் தலைவருக்கு அடுத்த படியில் நின்றவர் தலைமை நீதிபதி. தில்லியில் அதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஆறு மாதம், ஓராண்டு என்று இழுத்தடித்தாலும் தடுக்க அங்கே ஓர் எண் இல்லை.

கடைசியில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கொடு. குடியரசுத் தலைவர் ராஜினாமாவைத் துணைத் தலைவருக்கு எழுத வேண்டும். அவர் உடனே மக்களவைத் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். துணைத் தலைவர் தன் ராஜினாமாவைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். பொறுப்புத் தலைவராகத் துணைத் தலைவரே இருக்கும்போது அவர் விலக நினைத்தால் கடிதம் யாருக்கு? பிரிவு 56, 65, 67 மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாதாடச் சொல். 1969 சட்டம் மிகச் சிறியது, அதையும் அச்செடுத்துக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா