கொல்லிமலை இரவுத் தங்கல்: மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள்ல சாமானைக் கட்டிக்கிட்டு கொல்லிமலை ஏறி, ராத்திரி டென்ட்ல தங்கப் போறோம். ஏத்தத்துல 70 கொண்டை ஊசி வளைவு. டென்ட், ஸ்லீப்பிங் பேக், பாய் மூணும் சேர்ந்து 3 கிலோவுக்குள்ள இருக்கட்டும். பெட்டியில போட்டிருக்கிற எடையை நம்பாம தராசுல வச்சுப் பாருங்க.

டென்ட்ல முக்கியமா பார்க்க வேண்டியது கம்பியோட மடிச்ச நீளம். 45 செ.மீ. கம்பி டிராப் ஹேண்டில்பாருக்கு (கீழ்ப்பக்கம் வளைஞ்சது) நடுவுல அடங்காது, பிரேக் லீவர்ல இடிக்கும். 30 செ.மீ. இருந்தா கவலையில்லை. நீளக் கம்பின்னா தனியா எடுத்து டாப் டியூப்ல (ஃபிரேமோட மேல் குழாய்) வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டுங்க. டென்ட் வச்ச முன்பையைக் கட்டினதும் ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. பிரேக் கேபிள் மடங்கினா இறக்கத்துல வம்பு.

சீட் பையில கனமான சாமான் சீட் போஸ்ட்டை ஒட்டி, துணிமணி வால்பக்கம். மாத்தி அடுக்கினா எழுந்து மிதிக்கும்போது பை வாலாட்டும். பைக்கும் டயருக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்க.

ஸ்லீப்பிங் பேக்ல 'கம்ஃபர்ட்' வெப்பநிலையை (குளிர் தெரியாம நிம்மதியா தூங்குற அளவு) பாருங்க, 'லிமிட்'டை (சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கிற அளவு) இல்லை. பாயை மட்டும் விட்டுட்டு வராதீங்க: உடம்பு எடையில அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி, தரைக் குளிர் நேரா முதுகுல ஏறும். ஒத்தை அடுக்கு டென்ட்னா காத்துவழியை மூடாதீங்க, மூச்சுக்காத்தே விடியக்காலம் தண்ணியா சொட்டும்.

அடுப்பு வேண்டாம். மலை மேல இருக்கிற செம்மேட்டு ஊர்ல இட்லி கிடைக்கும்.