முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் மறைந்த வீரர்களின் துணைவியருக்கும் வணக்கம்.

வேலை முடிந்துவிட்டது. ஓடு மாற்றியாயிற்று, வெள்ளையடித்தாயிற்று, கழிப்பறைக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று. இவற்றில் யாருக்கும் குறையில்லை. பேச்செல்லாம் வாசல் சாய்தளத்தைப் பற்றித்தான். "ரெண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி நீளமா?" என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சக்கர நாற்காலி ஏறும் சரிவுக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. இரண்டரை அடி ஏற 30 அடி வேண்டும். வரைபடத்தில் இதை எழுதி, காண்ட்ராக்டரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். நாங்கள் கூரைக்கு மரம் பார்க்கப் போயிருந்த நேரத்தில் 15 அடியிலேயே கான்கிரீட்டைப் போட்டு முடித்துவிட்டார். கேட்டால், "பைக்கே ஏறுது சார், இது ஏறாதா?" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று, கான்கிரீட் இறுகியதும் 1971 போரில் இருந்த நம் மூத்த நாயக் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். பேரன் தள்ளினான். பாதி ஏறுவதற்குள் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. இருவர் பின்னால் தாங்கியிருக்காவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பார். அன்றே உடைக்கச் சொன்னோம்.

உடைப்புக் கூலியும் சங்கம்தான் தர வேண்டும் என்று காண்ட்ராக்டர் வேலையை நிறுத்தினார். "அப்போதே வெளியே அனுப்பியிருக்கலாமே" என்கிறார்கள். அது மே மாதக் கடைசி. ஓடு முழுவதும் இறக்கி, ஓட்டைத் தாங்கும் கழுக்கோல்கள் வெறுமனே நின்றன. ஜூன் பிறந்தால் நம் குமரி மாவட்டத்தில் மழை. புது ஆளைப் பேசி முடிப்பதற்குள் உத்திரமும் ஆவணங்களும் நனைந்து வீணாகியிருக்கும். அதனால் கூலி அவர், பொருள் நாம் என்று முடித்தோம். சாய்தளம், கைப்பிடி 41,000 ரூபாய். செல்லரித்த கழுக்கோல்களுக்குப் பதிலாக அயனி மரம் 25,000. ஒப்பந்தம் 4,80,000, முடிந்தது 5,46,000. கூடுதல் இவ்வளவுதான்.

கொடிக்கம்பத்தைத் தள்ளி நட்டதில் பலருக்கு மனவருத்தம். எங்களுக்கும்தான். சாய்தளம் திரும்பும் மூலையில் சமதளம் விட வேறு இடமில்லை. முறைப்படி அணிவகுத்து நின்றே கொடியேற்றினோம்.

யாருக்காக இது? ஓய்வூதியம் பாதுகாப்புத் துறையின் இணையவழி முறையான ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று பதிய நம் உதவி மேசைக்குத்தான் வருகிறார்கள். முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தே ரேகை அழிந்துபோன விரல்களோடு நம் சகோதரிகள் வருகிறார்கள். கருவி விரலை ஏற்காது. முகத்தைப் படம் பிடித்துத்தான் பதிய வேண்டும். முட்டி தேய்ந்தவரை நான்கு படி தூக்கிக்கொண்டு போவது மரியாதையா? இந்தச் செலவை நாங்கள் மறுபடியும் செய்வோம்.

நன்றிக்குரியவர்கள்: கைப்பிடியைக் கூலி வாங்காமல் பற்றவைத்த தக்கலைப் பட்டறைக்காரர், சிமெண்டை வாங்கிய விலைக்கே தந்த மார்த்தாண்டம் கடைக்காரர், நான்கு மின்விசிறி தந்த பூதப்பாண்டி சுபேதார், இரணியல் ஹவில்தார் குடும்பங்கள் இரண்டு, குளச்சல், முட்டம் கடலோர உறுப்பினர்கள், வேலையாட்களுக்குத் தேநீர்ச் செலவை ஏற்ற திருவட்டாறு நண்பர்கள், அப்புறம், குடும்ப ஓய்வூதிய நிலுவை வந்ததும் முதல் வேலையாக 5,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்த அருமனைச் சகோதரி. எல்லார் பெயரும் வாசல் கல்லில் இருக்கிறது.

ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கும் கூரை ஒழுகாமல் இருந்தால்தான் காண்ட்ராக்டருக்கு அது போகும். பில்கள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்