பெட்டிக்கடை பிஸ்கட் டப்பாவில் இருக்கும் மாத்திரை: மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனை வாரிய உறுப்பினர்களுக்கும், மத்திய சுகாதார அமைச்சகத்தில் மருந்து விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மருந்தாளுநர். டி.பார்ம் முடித்து 22 வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். கடை டவுனில். வீடு ஜவ்வாது மலை அடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். டவுனிலிருந்து 14 கிலோமீட்டர். கடைசி பஸ் இரவு 8.40-க்கு. அதற்கு அப்புறம் ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் போவதற்கு ஒரே இடம்தான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடை.

பீடிக் கட்டுக்கும் ஷாம்பு சரத்துக்கும் நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். மாத்திரைகள் அதற்குள். முழு அட்டையாக இருக்காது. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டிருப்பார்கள். பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை, கை கால் வலி மாத்திரை, பேதி மாத்திரை. இந்தக் கடைசிப் பெயர் என்னை ரொம்ப நாளாகக் கவலைப்பட வைக்கிறது. பேதி ஆவதற்குக் கொடுப்பதும் பேதி மாத்திரைதான், நிற்பதற்குக் கொடுப்பதும் பேதி மாத்திரைதான். கடை நடத்தும் ஆயாவுக்கு எழுபது வயதிருக்கும். படிக்கத் தெரியாது. நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ராத்திரி 11 மணிக்குத் தட்டினாலும் எழுந்து வந்து கதவைத் திறக்கிறவர் அவர் ஒருவர்தான்.

போன ஐப்பசி மழையில் என் தங்கச்சி மகளுக்குக் காய்ச்சல். ஆறு வயதுப் பிள்ளை. தங்கச்சி வீடு ஊரின் அந்தக் கோடியில். மச்சான் அந்தக் கடைக்குப் போய் இரண்டு மாத்திரை வாங்கி வந்துவிட்டு, "பாதி கொடுக்கலாமா, முழுசா கொடுக்கலாமா" என்று எனக்குப் போன் பண்ணினார். நான் வந்து பார்க்கிற வரைக்கும் எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தினத்தாள் துண்டில் மடித்து வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். வெள்ளை மாத்திரை, வட்டம், நடுவில் ஒரு கோடு. வெட்டின அட்டைத் துண்டின் பின்பக்கத்தில் 'எம்ஜி' என்ற இரண்டு எழுத்தும், கம்பெனி முகவரியில் பின்கோடின் கடைசி மூன்று எண்ணும் மட்டும் மிச்சம். மருந்தின் பெயர் இல்லை. காலாவதித் தேதியை அட்டையின் ஓரத்தில்தான் அழுத்தியிருப்பார்கள். அந்த ஓரம் வேறு யார் வீட்டுக்கோ போயிருந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாராசிட்டமாலாக இருக்கலாம். நிமசுலைடு என்கிற வலி மாத்திரையாகவும் இருக்கலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமசுலைடு கொடுக்கக் கூடாது என்று நீங்களே 2011-ல் தடை போட்டீர்கள். 22 வருஷம் இதே வேலை செய்கிற எனக்கே அந்த மாத்திரை என்னவென்று தெரியவில்லை. என் வீட்டில் பாராசிட்டமால் சிரப் இருந்தது, எடுத்துப் போய்க் கொடுத்தேன், பிள்ளை தூங்கியது. மாமன் மருந்துக் கடையில் இல்லாத பிள்ளைகள்தான் அந்த ஊரில் அதிகம்.

சரி, இதில் வாரியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சொல்கிறேன்.

1945 மருந்து விதிகளில் கே அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் 13-வது இனம் வீட்டு வைத்திய மருந்துகள். பாராசிட்டமால், வலித்தைலம், கிரைப் வாட்டர், அமிலத் தணிப்பு மருந்து, பஞ்சு, பிளாஸ்திரி போன்றவற்றை விற்பனை லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம் என்று அது சொல்கிறது. முழு உறையாக, பிரிக்காமல் விற்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவரிடம்தான் சரக்கு எடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அந்தக் கிராமத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டு நிலவரத்தை எண்ணிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் கிராமப்புற மக்கள் 3.72 கோடி, ஊராட்சிகள் 12,525. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு மூவாயிரம் பேர் வருகிறார்கள். எங்கள் ஊரிலும் ஆயிரத்து நானூறு பேருக்குக் குறையாது. ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஓர் அட்டை பாராசிட்டமால் விற்பது சட்டப்படி சரி. ஒரு பிள்ளை கூடுதலாகப் பிறந்தால், அதே அட்டையை விற்பவர் மருந்துச் சட்டத்தின் 27-வது பிரிவில் வந்துவிடுகிறார். குறைந்தது 3 ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். சிறப்புக் காரணம் காட்டினால் நீதிமன்றம் குறைக்கலாம். அந்த ஆயா எந்தக் காரணத்தைப் போய்ச் சொல்வார்?

நடைமுறையில் யாரும் அவரைப் பிடிப்பதில்லை. பிடிக்கவும் வேண்டாம். ஆனால் மொத்தமாகத் தடை என்று எழுதிவிட்டு, மொத்தமாகக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகிறது? பாராசிட்டமாலும் திருட்டுத்தனம்தான், டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையும் திருட்டுத்தனம்தான் என்றானதும், கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. எப்படியும் தப்பு என்னும்போது எதை விற்றால் என்ன? டப்பாவுக்குள் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் வந்து சேர்வது இப்படித்தான். மருந்து மொத்த விற்பனை ஏஜென்சியிலிருந்து பில்லோடு சரக்கு எடுக்கவும் அவரால் முடியாது. டவுனில் தெரிந்த கடையில் அட்டையாக வாங்கி வந்து, ஒன்று இரண்டாக வெட்டி விற்கிறார்.

பட்டியலையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பிரின் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் டெங்கு வருகிற மாநிலம் இது. எது டெங்கு, எது சாதாரணக் காய்ச்சல் என்று முதல் நாளில் டாக்டருக்கே தெரியாது. டெங்குவில் ஆஸ்பிரின் சாப்பிட்டால் ரத்தக் கசிவுக்கு வழி. பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பாதரசம் கலந்த மெர்குரோக்ரோம் இருக்கிறது. மலேரியாவுக்கான குயினைன் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு என்று அயோடோகுளோரோஹைட்ராக்சிகுயினோலின் இருக்கிறது. இந்த மருந்தால் ஜப்பானில் சுமார் பத்தாயிரம் பேருக்கு நரம்பு பாதித்து, காலும் பார்வையும் போய், 1970-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அந்த நரம்பு நோயை ஸ்மோன் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். கிராமங்களுக்கு லைசென்ஸ் இல்லாமல் வரலாம் என்று நீங்கள் அனுமதித்த பட்டியலில் அது இருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். மருந்து தயாரானது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதற்கு அப்புறம் இந்தப் பட்டியலிலிருந்து 'சிரப்' என்ற சொல்லை எடுக்க முன்வந்தீர்கள். அதை முழுமனதோடு வரவேற்கிறேன். சிரப் என்றால் அளவு பார்த்து ஊற்ற வேண்டும், பிள்ளையின் எடை தெரிய வேண்டும். பெட்டிக்கடைக்கு அது ஒத்துவராது. ஆனால் அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்தது தொழிற்சாலையில் என்பதை மறந்துவிடக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்து, மருந்துக் கடையில் வாங்கிக் குடித்தும் பிள்ளைகள் போனார்கள். பட்டியலில் ஒரு சொல்லை எடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் தொழிலில் உள்ளவர்கள் இந்த மடலைப் படித்தால் கோபப்படுவார்கள். மருந்தாளுநர் இல்லாத இடத்தில் ஒரு மாத்திரைகூட விற்கக் கூடாது என்பது எங்கள் சங்கங்களின் நிலை. அதில் நியாயம் இருக்கிறது. ஸ்வீடனில் 2009-ல் மளிகைக் கடைகளில் பாராசிட்டமால் மாத்திரையை அனுமதித்தார்கள். நச்சு பாதிப்பு கூடியதால் 2015 நவம்பரில் அதைத் திரும்ப மருந்தகத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். சளி மாத்திரை என்று வாங்குவதிலும் அதுவே கலந்திருக்கும். தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மனம் உடைந்து நிற்கிற ஒருவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எவ்வளவு மாத்திரை இருக்கிறது என்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிரிட்டனில் 1998-லிருந்து சாதாரணக் கடையில் ஒரு பாக்கெட்டுக்கு 16 மாத்திரைதான் என்று கட்டுப்படுத்தியதற்குக் காரணமே அதுதான். தென்கொரியாவில் 2012-ல், 24 மணி நேரக் கடைகளுக்கு மட்டும், 13 மருந்துகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட், பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் விற்கக் கூடாது. இவர்கள் யாருமே கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அதே சமயம், மருந்துக் கடைக்குள் எல்லாம் சரியாக நடக்கிறது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான்கைந்து மாத்திரைகளைப் பிரித்து ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்துக் கடைகளில் சாதாரணம். நானும் ஆரம்ப வருஷங்களில் கொடுத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பெட்டிக்கடை டப்பாவும் செட் மாத்திரைக் கவரும் எனக்கு ஒரே தப்பாகத்தான் தெரிகிறது. பெயரும் தேதியும் இல்லாத மாத்திரை யார் கையிலிருந்து வந்தாலும் ஆபத்துதான்.

ஆகவே, நான் கேட்பது இது. ஆயிரம் பேர் என்ற கணக்கை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் மருந்துக் கடை எவ்வளவு தூரம், ராத்திரியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலைச் சுருக்குங்கள். பாராசிட்டமால் 500 மி.கி., வேறு எதுவும் கலக்காதது, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஓஆர்எஸ் பொடி, அமிலத் தணிப்பு மாத்திரை, போவிடோன் அயோடின் களிம்பு, தைலம், பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி. இது போதும். ஆஸ்பிரினையும் மேலே சொன்ன பழைய மருந்துகளையும் தூக்கிவிடுங்கள்.

ஓஆர்எஸ் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரை அதிகம் உள்ள பானங்களை ஓஆர்எஸ் என்ற பெயரில் டப்பாவில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருஷக்கணக்காகப் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்தப் பானம் எங்கள் ஊர்க் கடைக்குத் தங்குதடையில்லாமல் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற 20.5 கிராம் பொடி, உண்மையான ஓஆர்எஸ், அந்தக் கடையில் ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்புறம், பாக்கெட். இதுதான் முக்கியம். பத்து, பதினைந்து மாத்திரை அட்டையை முழுசாக வாங்க எங்கள் ஊரில் ஆளில்லை. இரண்டு மாத்திரைக்குத்தான் காசு இருக்கும். அதனால்தான் கத்தரிக்கோல் வருகிறது. நான்கு மாத்திரை கொண்ட சின்ன அட்டையைத் தயாரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாத்திரைக் குழிக்குப் பின்னாலும் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்கு வருவதில் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்: பெரியவர்களுக்கு மட்டும், ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கூடாது, வேறு சளி மாத்திரையோடு சேர்க்காதே, இரண்டு நாளில் காய்ச்சல் விடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. படிக்கத் தெரியாதவருக்குப் படமாகவும் போடலாம்.

விற்பவருக்கு ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவு, கட்டணம் இல்லாமல். மருந்தாளுநர் தேவைப்படாத மருந்துகளுக்கு 20-ஏ என்ற படிவத்தில் கட்டுப்படுத்திய லைசென்ஸ் இப்போதும் இருக்கிறது. ஆனால் அதற்காக மாவட்டத் தலைநகருக்கு அலைய எந்தப் பெட்டிக்கடைக்காரரால் முடியும்? பதிவு செய்தவர் ஏஜென்சியில் பில்லோடு சரக்கு எடுக்கட்டும். ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் மாதம் ஒரு முறை டப்பாவைத் திறந்து பார்க்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகிற ஊருக்கு இது பெரிய வேலை இல்லை. இவ்வளவும் செய்து கொடுத்த பிறகும் பட்டியலுக்கு வெளியே ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் விற்றால், அப்போது தயங்காமல் நடவடிக்கை எடுங்கள்.

அன்று ராத்திரி மச்சான் வாங்கி வந்த இரண்டு மாத்திரைகளையும் அதே தினத்தாள் துண்டோடு பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் கொடுத்து, அது என்ன மருந்து என்று பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருவண்ணாமலை மாவட்டம்