கேம் நாவல்களை ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுவர் வாசிப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வீடியோ கேம்களை ஒட்டி வரும் ஆங்கில நாவல்கள் எல்லாமே ஆடி முடித்த ஆட்டத்தை அச்சடித்து விற்கும் வேலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்படிப்பட்டவை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது அப்படி, எது அப்படியில்லை, ஏன் என்று பிரித்துச் சொன்னால்தானே, கடையில் பிள்ளை கை நீட்டும் புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று பெற்றோர் முடிவு செய்ய முடியும்?

'ஹேலோ' வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் கேம் 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியோடு சேர்ந்து வந்தது. எரிக் நைலண்ட் எழுதிய 'தி ஃபால் ஆஃப் ரீச்' நாவலோ அதற்கு இரண்டு வாரம் முன்பே கடைக்கு வந்துவிட்டது. ஆடி முடித்ததைத் திரும்பச் சொல்ல அந்தப் புத்தகத்துக்கு வழியே இல்லை. கேமின் நாயகன் மாஸ்டர் சீஃப் என்றால் ஒரு பச்சைக் கவசம், முகம் தெரியாத ஹெல்மெட், அளந்து பேசும் நான்கு வார்த்தை, அவ்வளவுதான். அவன் யார் என்று கேம் சொல்லாமல் விட்ட இடத்தில் நாவல் தொடங்குகிறது. டாக்டர் ஹால்சி என்ற விஞ்ஞானி, ஜான் என்ற ஆறு வயதுப் பையனைப் பார்க்க வருகிறார். ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். பையன் அது கீழே விழுமுன் காற்றிலேயே பிடித்து, எந்தப் பக்கம் என்றும் சரியாகச் சொல்லிவிடுகிறான். அந்தச் சோதனையில் தேறியதுதான் அவன் தலையெழுத்தை மாற்றுகிறது. 75 பிள்ளைகளை வீட்டிலிருந்து கடத்தி, பெற்றோருக்குச் சந்தேகம் வராதபடி அவர்கள் இடத்தில் குளோன்களை வைத்துவிடுகிறது ராணுவம். 14 வயதில் உடலையே மாற்றும் அறுவைச் சிகிச்சை. 30 பேர் இறந்துபோகிறார்கள், 12 பேர் உடல் சிதைந்து ஒதுக்கப்படுகிறார்கள், 33 பேர் தேறுகிறார்கள். இத்தனையும் வேற்றுக்கிரகத்தாரோடு போரிட அல்ல, மனிதர்களிடையே கிளம்பிய கலகக்காரர்களை அடக்கத்தான் முதலில் திட்டமிடப்பட்டது என்பதையும் நாவல் மறைக்கவில்லை.

கேமை ஆடுகிறவனுக்கு அவன் வெறும் வீரன். நாவலைப் படித்தவனுக்குத் திருடப்பட்ட பிள்ளை. 2012இல் வந்த 'ஹேலோ 4' கேம், ஹால்சியை உட்காரவைத்து இதைப் பற்றி விசாரிக்கும் காட்சியோடுதான் ஆரம்பிக்கிறது. நாவலில் இருந்த குற்றம் கேமுக்குள் வந்து சேரப் பதினோரு ஆண்டு ஆயிற்று.

இந்த நாவலை எழுத நைலண்டுக்குக் கிடைத்த அவகாசம் ஏழு வாரம். இந்த வகை நாவல் ஆங்கிலத்தில் பொதுவாக 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் சொல் வரை போகும். ஏழு வாரத்தில் அதை முடிக்க, ஞாயிறு விடுமுறைகூட இல்லாமல் தினம் 1,600 முதல் 2,000 சொல் எழுத வேண்டும். திருத்துவது தனி. அவசரம் ஏன் என்றால், புத்தகம் கேமோடு ஒட்டிக்கொண்டு வெளிவந்தால்தான் விற்கும். கேம் நிறுவனம் பதிப்பகத்துக்கு உரிமம் கொடுக்கும். பதிப்பகம் எழுத்தாளரைப் பிடிக்கும். எழுத்தாளர் கைக்கு வருவது கேமின் கற்பனை உலகத்தைப் பற்றிய குறிப்பேடு, சில ஓவியங்கள், முடியாத திரைக்கதை. அதை வைத்து ஒரு கதைச்சுருக்கம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு முழுப் பிரதி, மறுபடியும் ஒப்புதல். சிக்கல் முளைப்பது இங்கேதான். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டால் அதில் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. கேமையோ வெளியாகும் நாளில்கூட மாற்றலாம். ஒரு லெவலை, அதாவது ஆட்டத்தின் ஒரு கட்டத்தை, வெட்டுவார்கள், ஒரு பாத்திரத்தின் பெயரை மாற்றுவார்கள். புத்தகத்தில் பழைய பெயர் அப்படியே நிற்கும்.

ஒப்புதல் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், பின்னால் வரும் கேம் நாவலை மிதித்துக்கொண்டு போகலாம். ரீச் கிரகம் 2552 ஆகஸ்ட் 30 அன்று தாக்கப்பட்டு வீழ்கிறது என்று நைலண்ட் எழுதியிருந்தார். 2010இல் முதல் கேமை உருவாக்கிய அதே நிறுவனம் கொண்டுவந்த 'ஹேலோ: ரீச்' கேமில் சண்டை ஜூலை மாதமே ஆரம்பித்து வாரக்கணக்கில் நீள்கிறது. நாவலில் விண்வெளியில் நிற்கும் கப்பல், கேமில் தரையில் நிற்கிறது. அந்த ஆண்டே நாவலுக்குத் திருத்திய மறுபதிப்பு ஒன்று வந்தது. ஆகவே பழைய புத்தகக் கடையில் கிடைப்பதும் புதிதாக வாங்குவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. இதற்காக நாவலாசிரியரைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, தங்கள் கட்டுரையாளர் சொன்ன குறைக்கு நல்ல உதாரணம் வேண்டுமா? அதே வரிசையில் 2003இல் வில்லியம் டீட்ஸ் எழுதிய 'தி ஃப்ளட்'. முதல் கேமின் கதையை லெவல் லெவலாகத் திரும்பச் சொல்கிற புத்தகம். கேமில் 'தி லைப்ரரி' என்றொரு லெவல் உண்டு. ஒரே மாதிரித் தாழ்வாரம், ஒரே மாதிரிக் கதவு, அலை அலையாக எதிரிகள். ஆடும்போது அது நெஞ்சைப் படபடக்க வைக்கக் காரணம் கதை இல்லை. 60 குண்டு கொள்ளும் துப்பாக்கியில் இன்னும் எத்தனை மிச்சம், கவசத்தின் சக்தி திரும்ப ஏறும்வரை எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளியலாம், செத்தால் எங்கிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் ஆடுகிறவன் விரல்நுனியில் ஓடிக்கொண்டிருக்கும். அச்சுக்கு வரும்போது அந்தக் கணக்கு காணாமல் போய்விடுகிறது. திரும்பினான், சுட்டான், குண்டு மாற்றினான், நடந்தான் என்பது மட்டும் பக்கம் பக்கமாக மிஞ்சுகிறது. நாயகன் சாகமாட்டான் என்று வாசகனுக்குத் தெரியும். பிறகென்ன பரபரப்பு?

ஆனால் அதே புத்தகத்தில் கேமுக்குள் இல்லாத பக்கங்களைப் பாருங்கள். ஜென்கின்ஸ் என்றொரு சிப்பாய். கேமில் அவனுடைய ஹெல்மெட்டில் பதிவான ஒரு வீடியோவை மட்டும்தான் பார்க்கிறோம். ஒட்டுண்ணிகள் அவன் படைப்பிரிவின் மேல் பாய்வதோடு அது முடிந்துவிடும். நாவல் ஜென்கின்ஸின் தலைக்குள்ளேயே போகிறது. ஒட்டுண்ணி அவன் உடலைப் பிடித்துக்கொண்டாலும் அறிவு முழுதாக அழியவில்லை. தன் கை தன் சொல் கேட்காமல் அசைவதை உள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறான். கேமில் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத்தள்ளும் குள்ள எதிரிகளில் ஒருவனான யாயாப்புக்கும் தனிக் கதை உண்டு: மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டு, எப்படியாவது உயிர் பிழைத்தால் போதும் என்று அலைகிற கடைநிலைச் சிப்பாய். ஆடுகிறவன் கையில் கிடைக்காத ஆளைப் பிடித்தபோது டீட்ஸுக்குக் கை வந்தது. மாஸ்டர் சீஃபின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது வரவில்லை.

ஜப்பானியர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பது என் எண்ணம். 2008இல் 'மெட்டல் கியர் சாலிட் 4' வந்தபோது அதை நாவலாக்கியவர் புராஜெக்ட் இட்டோ என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளர். ஆடுகிறவன் இயக்குவது ஸ்னேக் என்ற முதிய வீரனை. நாவலில் கதை சொல்வதோ அவனுடைய நண்பன் ஓட்டகான், தொலைவிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டே வழிகாட்டுகிறவன். ஸ்னேக் அங்கே உடம்பு தளர்ந்து செத்துக்கொண்டிருக்கிறான், ஓட்டகானால் பேசத்தான் முடியும். இந்த இடைவெளியிலிருந்து சொல்லும்போது அதே சண்டைக் காட்சிக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. இட்டோ அதை எழுதும்போது அவரே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2009 மார்ச்சில், 34 வயதில், காலமானார்.

நாயகன் யாரென்றே முடிவாகாத கேம்களுக்கு இன்னொரு தலைவலி. 'மாஸ் எஃபெக்ட்' கேமின் தளபதி ஷெப்பர்டை ஆணாக வைத்து ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். யாரைக் காப்பாற்றுவது, யாரைச் சாகவிடுவது என்பதும் ஆடுகிறவர் விருப்பம். ஒன்றை நாவலில் எழுதிவிட்டால் வேறு விதமாக ஆடிய அத்தனை பேருக்கும் அது பொய். முதல் கேமின் தலைமைக் கதாசிரியரான ட்ரூ கார்பிஷின் இதற்கு நல்ல வழி கண்டார். கேமுக்கு ஆறு மாதம் முன்னதாக 2007 மே மாதம் வந்த 'ரெவலேஷன்' நாவலை ஷெப்பர்ட் இல்லாமலேயே எழுதினார். கேமில் துணைப் பாத்திரமாக வரும் ஆண்டர்சனின் பழைய கதையைச் சொன்னார். அடுத்த இரண்டு நாவல்களும் அவருடையவையே. நான்காவது நாவல் 'டிசெப்ஷன்' மட்டும் 2012 ஜனவரியில் வேறொருவர் கைக்குப் போயிற்று. 'தி ஃப்ளட்' எழுதிய அதே டீட்ஸ்தான். ஆட்டிசம் உள்ள சிறுமியாக முன் நாவலில் காட்டப்பட்ட கில்லியன் இதில் அந்தச் சுவடே இல்லாமல் வருகிறாள், ஆண்டுக்கணக்கும் உதைக்கிறது. ரசிகர்கள் உட்கார்ந்து பிழைகளைப் பட்டியல் போட்டு வெளியிட, கேம் நிறுவனமும் பதிப்பகமும் மன்னிப்புக் கேட்டு, பின்வரும் பதிப்புகளில் திருத்துவதாக அறிவித்தன. எழுத்தாளர் மாறும்போது முன் நாவல்களின் விவரங்களை ஒரு ஆள் உட்கார்ந்து சரிபார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. பதிப்புத் துறையில் சம்பளம் குறைவாகத் தரப்படும் வேலை அது. முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

புத்தகம்தான் எப்போதும் கேமுக்குக் கடன்பட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1984இல் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு வந்த 'எலைட்' கேமில் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். கம்ப்யூட்டரின் நினைவகமோ வெறும் 32 கிலோபைட். கதை சொல்ல அதில் இடமேது? ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய 'தி டார்க் வீல்' என்ற குறுநாவலை அச்சடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதில் போகிற போக்கில் வரும் ராக்ஸ்லா என்ற மர்ம உலகத்தை, 2014இல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' ஆடுகிறவர்கள் வானமெல்லாம் துழாவித் தேடுகிறார்கள்.

'வார்கிராஃப்ட்' வரிசையில் ஓர்க் என்ற கற்பனை இனத்தின் தலைவனான த்ராலின் கதையை வைத்து ஒரு கேமை உருவாக்கி, 1998இல் பாதியில் கைவிட்டார்கள். அந்தக் கதையை 2001இல் கிறிஸ்டி கோல்டன் 'லார்ட் ஆஃப் தி கிளான்ஸ்' என்ற நாவலாக எழுதினார். அடிமையாக வளர்ந்து, சண்டைக்களத்தில் பழக்கப்பட்டு, தப்பித்துத் தன் இனத்தைத் தேடிப் போகிற அந்த த்ரால்தான் அடுத்த ஆண்டு வந்த 'வார்கிராஃப்ட் 3'இல் முக்கிய நாயகர்களில் ஒருவன். நாவல் மட்டும் வந்திருக்காவிட்டால் அவன் இளமைக் கதை அலமாரியிலேயே தூங்கியிருக்கும்.

'தி விட்சர்', 'மெட்ரோ 2033' இரண்டும் இந்தக் கணக்கிலேயே வராது. அவை எழுத்தில் கதையாகப் பிறந்து பிறகு கேம் ஆனவை. அட்டையில் கேம் படத்தைப் போட்டு விற்பதால் வரும் குழப்பம் அது.

கடையில் நின்று எப்படித் தேர்ந்தெடுப்பது? பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி, நாவல் முதலில் வந்த ஆண்டையும் கேம் வந்த ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேமுக்கு முன்கதையாக வந்ததென்றால் பெரும்பாலும் படிக்க ஏதாவது இருக்கும். பின்னட்டையில் சொல்லும் கதையும் கேமின் கதையும் ஒன்றே என்றால் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். நான்கு பக்கத்துக்கு யாரும் பேசாமல், யாரும் யோசிக்காமல் சுட்டுக்கொண்டே போனால் திருப்பி வைத்துவிடலாம். இன்னொன்று, பலர் கவனிக்காதது: கேம் பெட்டியில் வயது முத்திரை இருக்கும், நாவலில் இருக்காது. முதல் 'ஹேலோ' கேமுக்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்ற முத்திரை. நாவலில் பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் அத்தியாயம் கேமைவிடக் கடுமையானது. அட்டை பளபளப்பாக இருக்கிறதே என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டாம்.

அதே பதிப்புரிமைப் பக்கத்தில் எழுத்தாளர் பெயர் இல்லாமல் நிறுவனத்தின் பெயர் இருப்பதையும் பார்க்கலாம். அமெரிக்காவில் இந்த வேலை பெரும்பாலும் கூலிக்கு எழுதுவதாகவே ஒப்பந்தமாகும். பாத்திரங்களும் பிரதியும் நிறுவனத்துக்குச் சொந்தம். இங்கே ஏதாவது கேம் நிறுவனத்துக்கு எழுதித் தர முன்வரும் இளைஞர்கள் நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்துமூலமாக இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதினால் நிலைமை வேறு: 17ஆம் பிரிவின்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் முதலாளிதான்.

தங்கள் இணைப்பில் இனி இத்தகைய நாவலுக்கு மதிப்புரை வந்தால், விலை, பக்க எண்ணிக்கையோடு மூன்று விவரங்களையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: கேமுக்கு முந்தைய கதையா அல்லது கேமின் கதையேதானா; எந்த ஆண்டுப் பதிப்பு; மூல கேமின் வயது முத்திரை என்ன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.