யானைக்குச் சொந்த ஊர் ஜால்னா

அன்புள்ள தங்கராசு,

நலம். உன் முட்டி வலி தேவலையா? பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டிக்கொள்.

கவிதாவுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் புனேயில் அவளோடு வேலை பார்க்கிறான், மராத்திக்காரன். அப்பா மராத்தா லைட் இன்ஃபண்ட்ரியில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் வெறும் ஹவில்தார். கல்யாண மேடையிலும் சல்யூட் அடிப்பது என் தலையெழுத்து. சிரிக்காதே.

போன வாரம் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேனே நம் மதராஸ் ரெஜிமென்ட் தொப்பி பேட்ஜ், சம்பந்தி நேராக அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். கேடயம், வாள்கள், யானை. நிதானமாகப் பார்த்துவிட்டு, "இந்த யானை எங்கள் ஜில்லாவிலிருந்து வந்ததாயிற்றே, ஹவில்தார் சாப்" என்றார்.

மனுஷனுக்கு ஊர் ஜால்னா! நமக்கு அந்த யானையை வாங்கித்தந்த சண்டை நடந்த அஸ்ஸாயே அங்கேதான் இருக்கிறது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வெலிங்டன் பயிற்சி முகாமில் உஸ்தாத் (நம் பயிற்சியாளர்) நம்மை நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. 1803 செப்டம்பர் 23. ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே ஊர் இருக்கிறது, அப்படியானால் நடுவில் இறங்குதுறை இருந்தே தீரும் என்று கம்பெனிப் படைத் தளபதி வெல்லெஸ்லி ஊகித்தது, நம் பல்டன்கள், அதாவது பட்டாலியன்கள், கயில்னா ஆற்றைக் கடந்து பீரங்கி வாய்க்கு நேராக நடந்தது, எல்லாம் மணி மணியாக ஒப்பிப்போம். ஆனால் எதிரே நின்றது யார்? மராத்திய மன்னர்கள் சிந்தியாவும் போன்ஸ்லேயும். நாம் அதை "துஷ்மன்" என்ற ஒரே சொல்லில் தாண்டிப் போனோம். அந்தத் துஷ்மன் வீட்டுக்காரர் என் வீட்டில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்.

கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்த சண்டைகளுக்குக் கிடைத்த போர் விருதுகளைச் சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் கொண்டாடுவதில்லை. அஸ்ஸாயேவுக்கும் அதே கதிதான். ஆனால் அங்கே கிடைத்த யானை மட்டும் தொப்பியில் தங்கிவிட்டது. அதே யானையை, நம்மோடு அங்கே சண்டையிட்ட ஸ்காட்லாந்துப் படையான 74-வது ஹைலேண்டர்ஸும் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். கொடுத்த வெள்ளைக்காரன் நமக்கு என்ன மரியாதை வைத்திருந்தான்? மதராஸி சண்டைக்கு லாயக்கில்லை என்று முத்திரை குத்தி, முதல் உலகப்போருக்குப் பின் பல்டன் பல்டனாகக் கலைத்தான். 1928-க்குள் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த போரில் ஆள் பற்றாமல் போனதும் வாடா தம்பி என்று கூப்பிட்டான்.

இதையெல்லாம் நான் அரைகுறை ஹிந்தியில் சொல்லி முடித்ததும் சம்பந்தி ஒரு போடு போட்டார் பார்: "உங்கள் ரெஜிமென்ட் பிறந்தது 1758, எங்களுடையது 1768. நீங்கள் மதராஸ் கம்பெனி, நாங்கள் பம்பாய் கம்பெனி. சம்பளம் கொடுத்த முதலாளி ஒன்றுதானே சாப்?" எனக்கு மனுஷனை அங்கேயே பிடித்துவிட்டது.

ஆனால் வீட்டில் ரகளை. கல்யாணம் முடியும்வரை பேட்ஜைக் கழற்றிப் பீரோவில் வை என்கிறாள் உன் தங்கச்சி. முடியாது என்றுவிட்டேன். பாகிஸ்தானோடு நடந்த போர்களில், 1948-இல் தித்வாலிலும் 1971-இல் பசந்தரிலும் இந்தப் பெயரைச் சுமந்து போன நம் பையன்கள் கம்பெனிக்காகவா செத்தார்கள்? யானை எங்கே பிறந்தது என்று கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வேன். ஒளித்து வைக்கமாட்டேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, மழுப்பாமல்.

முகூர்த்தம் ஆவணியில். பத்திரிகை தனியாக வரும். தாலி கட்டும் நேரத்தில் "வீர மதராஸி, அடி கொல்லு" என்று நம் ரெஜிமென்ட் போர்முழக்கத்தைக் கத்தினால் உனக்குப் பந்தியில் இடம் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன். மறுவீட்டுக்கு ஜால்னா போகும்போது அஸ்ஸாயேவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்கிறார் சம்பந்தி. நீயும் வருகிறாய் என்று சொல்லியாயிற்று. கேன்டீன் கோட்டாவில் ரம் மிச்சமிருந்தால் எடுத்து வை. சுபேதார் சாப் குடிப்பார் போலத்தான் தெரிகிறது.

உன்,
முருகேசன்